ரேடியோலஜிஸ்டின் பின்னணியை எப்படி வாசிப்பது, அவருடைய ஆராய்ச்சி நமக்கு எதற்கு?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 58 வயது, நீரிழிவு இருக்கிறது, இன்னமும் வயல் வேலைக்குப் போகிறவர். மேல்வயிற்றில் வலி என்று அல்ட்ராசவுண்ட் செய்ததில் ஈரலில் 2 சென்ரிமீற்றர் அளவில் ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. "சி.டி. செய்து பார்க்கவும்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திருகோணமலை டவுனில் ஸ்கேன் செய்யப்போகும் இடத்தில், படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் ரேடியோலஜிஸ்டைப் பற்றிய குறிப்பு சுவரில் ஒட்டியிருந்ததாம்: எம்.பி.பி.எஸ்., எம்.டி. கதிரியக்கவியல், எஃப்.ஆர்.சி.ஆர்., வெளிநாட்டுப் பயிற்சி, வயிற்றுப் பகுதி ஸ்கேன்கள் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள். இந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், படம் பார்த்துச் சொல்கிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு, அம்மாவை இங்கேயே காட்டலாமா அல்லது கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா, இனி இதையெல்லாம் ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) பார்த்துவிடுமே என்பவை அவருடைய கேள்விகள்.

நானும் ரேடியோலஜிஸ்ட் வேலையில் இருக்கிறவன், திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி: சி.டி.யை இங்கேயே செய்யலாம். பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள், அவருடைய கண் எப்படிப் பழக்கப்பட்டது என்று சொல்கின்றன. அந்தக் கண் சொன்னது சரியா என்று அவர் எவ்வளவு தூரம் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார் என்பதை ஆராய்ச்சி சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் அதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப்போகிறேன்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஸ்கேன் அறையில் அம்மாவைப் படுக்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, மெஷினை இயக்குகிறவர் ரேடியோகிராஃபர். அது தனிப் படிப்பு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. படம் தெளிவாக வருவதும், தேவைக்கு மேல் கதிர் படாமல் இருப்பதும் பெரும்பாலும் அவர் கையில்தான். எடுத்த படங்களை வாசித்து அறிக்கையில் கையெழுத்து வைப்பவர் ரேடியோலஜிஸ்ட், அதாவது கதிரியக்கவியல் விசேட வைத்திய நிபுணர். புற்றுநோய்க்குக் கதிர் கொடுத்துச் சிகிச்சை செய்பவர் வேறொரு நிபுணர்.

இனிப் படிப்பு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, மருத்துவ பீடத்தில் ஐந்து வருடம் (எம்.பி.பி.எஸ். என்பது இந்தப் பட்டம்), பிறகு ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. இதுவரை எல்லா டொக்டர்களுக்கும் ஒரே பாதைதான். நம் ஊர்ப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்கோ, மட்டக்களப்பில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக்கோ, கண்டி, கொழும்புக்கோ போய்ப் படிக்கிறார்கள். அதன் பிறகு ரேடியோலஜிஸ்ட் ஆக விரும்புகிறவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பி.ஜி.ஐ.எம். என்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தேர்வில் தேறவேண்டும். பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளில் வருடக்கணக்கில் பயிற்சி, எம்.டி. இறுதித் தேர்வு, சீனியர் ரெஜிஸ்ட்ராராக வேலை, வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சிக் காலம். எல்லாம் முடிந்து பி.ஜி.ஐ.எம். தரும் நிபுணர் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் ஒருவர் கொன்சல்டன்ட் என்று நியமனம் பெறுகிறார். எம்.டி., கொன்சல்டன்ட் என்ற சொற்களுக்குள் இவ்வளவும் இருக்கிறது. எஃப்.ஆர்.சி.ஆர். என்பது பிரித்தானியாவின் ரோயல் கொலேஜ் ஒஃப் ரேடியோலஜிஸ்ட்ஸ் நடத்தும் தேர்வுகளில் தேறியவர்களுக்குக் கிடைப்பது. பௌதிகவியல், உடற்கூறு, அறிக்கை எழுதுதல், வாய்மொழித் தேர்வு என்று படிப்படியாகப் போகும். இருந்தால் நல்லது. இல்லாத எத்தனையோ கெட்டிக்காரர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், அதை வைத்து ஒருவரைக் குறைவாக எடைபோட வேண்டாம்.

டொக்டருக்கு எதற்குப் பௌதிகவியல் என்று எங்கள் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளே முணுமுணுப்பார்கள். அம்மாவின் சி.டி.யை வைத்தே விளங்கப்படுத்தலாம். சி.டி. மெஷின் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு -100க்குக் கிட்ட, மருந்து ஏற்றாத சாதாரண ஈரல் 50 முதல் 60 வரை. இதற்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று பெயர். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்த கருவியை உருவாக்கியவர் கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அவர் டொக்டர் இல்லை, பொறியியலாளர்; 1979இல் அலன் கோர்மாக் என்ற பௌதிக விஞ்ஞானியுடன் சேர்ந்து மருத்துவ நோபல் பரிசு பெற்றார். சரி, அம்மாவின் ஈரலில் உள்ள அந்தப் புள்ளிக்கு 5 என்று எண் வந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்க் கட்டி, அதற்குச் சிகிச்சையே தேவைப்படாது. 40 என்று வந்தால் வேறு கேள்விகள் தொடங்குகின்றன. ஆனால் புள்ளி மிகச் சிறியதாக இருந்தால் பக்கத்தில் உள்ள ஈரலின் எண்ணும் அதனுடன் கலந்து தண்ணீர்க் கட்டியைக் கூட 30 என்று காட்டும். மெஷின் எப்படி எண் கொடுக்கிறது என்று தெரிந்தவர்தான் அந்த 30ஐ நம்பாமல் இருப்பார்.

அப்புறம் கொன்ட்ராஸ்ட், அதாவது படத்தில் வித்தியாசம் தெரிவதற்காக ஏற்றும் மருந்து. அயடீன் கலந்த மருந்தைக் கை நரம்பில் ஏற்றி, சுமார் அரை நிமிடத்தில் ஒரு தடவை, ஒரு நிமிடம் தாண்டியதும் ஒரு தடவை, சில நிமிடங்கள் கழித்து இன்னொரு தடவை என்று ஈரலைப் படம் எடுப்பார்கள். ஈரலில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் தீங்கற்ற கட்டி ஹெமாஞ்சியோமா, இரத்தக் குழாய்களால் ஆனது. மருந்து அதன் ஓரத்தில் திட்டுத் திட்டாகத் தொடங்கி மெல்ல மெல்ல நடுவுக்குப் பரவும். ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும்: சட்டென்று ஒளிர்ந்து, பிறகு சுற்றியுள்ள ஈரலைவிட மங்கிப்போகும். ஆகவே அந்தப் புள்ளி எது என்பதை, நேரத்தோடு அது எப்படி மாறுகிறது என்பதில்தான் பார்க்கிறோம்.

இந்த விதிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? யாரோ ஒருவர் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்துவைத்து, பிறகு சத்திரசிகிச்சையிலோ திசுப் பரிசோதனையிலோ உண்மையில் என்ன வந்தது என்று தேடிப்போய், தான் முன்பு எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்தன. எங்கள் துறையில் ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இதுதான். புதிய மெஷின் கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான், ஆனால் அது சிலர் செய்யும் வேலை. தினமும் அறிக்கை எழுதும் ரேடியோலஜிஸ்ட் செய்யக்கூடிய, செய்யவேண்டிய ஆராய்ச்சி, தன் வாசிப்பைத் தானே கணக்குப் பார்ப்பது.

அது எவ்வளவு அவசியம் என்று எங்கள் துறைக்கு 1949இல் உறைத்தது. அமெரிக்காவில் ஹென்றி கார்லண்ட் என்ற ரேடியோலஜிஸ்ட், அனுபவம் உள்ளவர்கள் மார்பு எக்ஸ்ரேக்களை வாசிப்பதைக் கணக்கெடுத்தார். நோய் இருந்த படங்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தை அவர்கள் தவறவிட்டிருந்தார்கள். எழுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. மெஷின்கள் எவ்வளவோ மாறிவிட்டன. மனிதக் கண்ணும் மூளையும் மாறவில்லை. 2013இல் இன்னொரு பரிசோதனை வெளிவந்தது. 24 ரேடியோலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தை, வழக்கமான கட்டியைவிடப் பல மடங்கு பெரிதாக, உள்ளே பொருத்தி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. கண் அசைவைப் பதிவுசெய்த கருவியோ, அவர்களில் பலரின் பார்வை அந்த இடத்திலேயே நேராக விழுந்திருந்ததைக் காட்டியது. அவர்கள் அசட்டையாகப் பார்த்தவர்கள் அல்ல. கட்டியைத் தேடிய கண்ணுக்குக் கட்டிதான் தெரிந்தது. இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான்: எதைத் தேடவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு வாசிப்பின் தரத்தை எண்ணில் அளப்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் முறை ஒன்று இரண்டாம் உலகப் போர்க்காலத்து ராடாரில் இருந்து வந்தது. திரையில் தெரியும் புள்ளி எதிரி விமானமா, வெறும் இரைச்சலா? எல்லாப் புள்ளிக்கும் அபாயச் சங்கு ஊதினால் ஒரு விமானமும் தப்பாது, ஆனால் ஊரே நித்திரை இல்லாமல் அலையும். சங்கு ஊதவே தயங்கினால் குண்டு விழும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது இங்கே இருந்த ராடார்க்காரர்களும் அந்தத் தீர்மானத்தைத்தான் எடுக்கவேண்டியிருந்தது. அந்த இக்கட்டைக் கணிதமாக்கி, சரியாகப் பிடிப்பது கூடும்போது பொய்ச் சங்கும் எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் ஆர்.ஓ.சி. வளைகோட்டை 1960களில் லீ லஸ்டெட் என்பவர் கதிரியக்கவியலுக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் ஒரு ஸ்கேன் முறை நல்லதா என்று சொல்லும் பல கட்டுரைகளில் அந்த வளைகோட்டைக் காணலாம்.

இதில் நோயாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது 1000 பேரில் 10 பேருக்கு மட்டுமே அந்த நோய் இருக்கும் ஓர் ஊரில் அதைச் செய்தால், 9 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் "இருக்கிறது" என்று வரும். அதாவது பயந்துபோய் நிற்கும் 108 பேரில் 9 பேருக்குத்தான் நோய். அதே பரிசோதனையை, 1000 பேரில் 300 பேருக்கு நோய் இருக்கும் பெரிய கிளினிக்கில் செய்தால் 340 பேருக்கு "இருக்கிறது" என்று வரும், அவர்களில் 270 பேருக்கு உண்மையாகவே இருக்கும். மெஷின் அதே மெஷின், வாசித்தவர் அதே ஆள். வந்தவர்கள்தான் வேறு.

அம்மாவின் விஷயத்திலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. ஈரல் கட்டிகளை வகைப்படுத்த லை-ராட்ஸ் என்ற ஒரு முறை உலகம் முழுக்கப் பயன்படுகிறது. ஒளிர்ந்து மங்கினால் புற்றுநோய் என்று திசு எடுக்காமலே சொல்லத் துணிவது அந்த முறை. ஆனால் அது ஈரல் சுருங்கிப்போன சிரோசிஸ் நோயாளிகளுக்கும், நீண்டகால ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கும் என்று உருவாக்கப்பட்டது. ஈரல் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அதே விதியைப் போட்டால் தீங்கற்ற கட்டியையும் புற்றுநோய் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. வயிற்றுப் பகுதி ஸ்கேனில் ஆராய்ச்சி செய்த ஒருவருக்கு இந்த எல்லை கைவந்த பாடமாக இருக்கும். நீங்கள் சுவரில் பார்த்த அந்த ஒரு வரியின் பெறுமதி எனக்குத் தெரிவது இங்கேதான்.

அடுத்தது, எந்த ஊரில் செய்த ஆராய்ச்சி என்பது. எங்கள் புத்தகங்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பானில் உள்ள நோயாளிகளை வைத்து எழுதப்பட்டவை. தம்பலகாமத்தில் சேற்றில் இறங்கி நாற்று நடும், நீரிழிவு உள்ள ஒரு பெண் அவற்றில் இல்லை. மெலியோய்டோசிஸ் என்று ஒரு தொற்று இருக்கிறது. கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது; நீரிழிவு உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. இலங்கையில் 1927இலேயே பதிவான நோய். ஆனாலும் இந்த நாட்டில் இது பரவலாக இருக்கிறது என்று விளங்கியது கடந்த இருபது வருடங்களுக்குள்தான். மட்டக்களப்பிலும் நோயாளிகள் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். இது ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க் கட்டிகளை உண்டாக்கும். சி.டி.யில் அந்தக் கட்டி பல சிறு அறைகளாகப் பிரிந்து தேன்கூடு மாதிரித் தெரியும் என்று தாய்லாந்து ரேடியோலஜிஸ்டுகள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதை வாசித்தவர் அந்தப் படத்தைக் கண்டால் "இரத்தப் பரிசோதனையில் இந்தக் கிருமியைத் தேடுங்கள்" என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ப்பார். வாசிக்காதவர் "சீழ்க் கட்டி" என்று மட்டும் எழுதுவார், வழக்கமான அன்டிபயோட்டிக் கொடுப்பார்கள், அது இந்தக் கிருமிக்குப் பெரும்பாலும் கேட்காது. அம்மாவுக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சல் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஹெமாஞ்சியோமாவோ தண்ணீர்க் கட்டியோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கட்டுரை எழுதுவது ஒரு டொக்டரின் சொந்தப் பெருமைக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் மட்டும் எத்தனை கேள்விகள் காத்துக் கிடக்கின்றன என்று பாருங்கள். 2017இல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது; நம் கிண்ணியா ஊர் அதில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். டெங்குவில் ஆபத்தான கட்டம், இரத்தக் குழாய்களில் இருந்து நீர் வெளியே கசியும் அந்த ஓரிரு நாட்கள். அல்ட்ராசவுண்டில் பித்தப்பையின் சுவர் தடித்துத் தெரிவதும், வலது நுரையீரலைச் சுற்றி நீர் சேர்வதும் கசிவு தொடங்கிவிட்டதைக் காட்டும் அடையாளங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே சிறிய மெஷினை வைத்து யார் பார்த்தாலும் ஒரே முடிவு வருமா, எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்பவை சின்னக் கேள்விகள் போலத் தெரியும். வாட்டு நிரம்பி வழியும் நாளில் அதற்கான விடைதான் யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கும்.

பதவி சிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிறது. அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் சிறுத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். சிறுத்திருக்கிறது என்றால் எதைவிட? புத்தகத்தில் உள்ள 10, 12 சென்ரிமீற்றர் என்ற அளவு உயரமான வெள்ளைக்காரர்களை அளந்து வந்தது. சிறுநீரகத்தின் நீளம் ஆளின் உயரத்தோடு மாறும். நம் விவசாயிகளின் சாதாரண அளவு என்ன என்று நம் மக்களில் அளந்து எழுதாதவரை "சற்றுச் சிறியது" என்ற சொல்லுக்கு உறுதியான அர்த்தம் இல்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் ஆழத்தில் குளிப்பவர்கள் இன்னொரு கூட்டம். அடிக்கடி ஆழத்துக்குப் போய் வேகமாக மேலே வருபவர்களுக்கு இடுப்பு, தோள் எலும்பின் உள்ளே இரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போகலாம். எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே எம்.ஆர்.ஐ.யில் தெரியும். நாற்பது வயதில் நொண்டி நடக்கும் கடல் தொழிலாளியை வாதம் என்று சொல்லி எண்ணெய் பூசி வைத்திருப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. இந்த மாவட்டத்தில் வேலை செய்யும் ஒரு ரேடியோலஜிஸ்ட் இவற்றில் ஒன்றை எடுத்துச் செய்தாலும் அது பெரிய காரியம். அவருக்கு நேரமும் உதவிக்கு ஆளும் வேண்டும். இங்கே ஒரே ஆள்தான் காலையில் மூதூரில் இருந்து வந்த கர்ப்பிணியையும், மத்தியானம் கந்தளாய் வீதியில் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவரின் தலையையும், பின்நேரம் குச்சவெளிப் பிள்ளையின் வயிற்றையும் பார்க்கிறார். அப்படி எல்லாவற்றையும் பார்க்கிற அனுபவம் பெரிய நகரத்தில் கல்லீரலை மட்டும் பார்க்கிறவருக்குக் கிடைக்காது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆராய்ச்சி எப்போதும் நல்லதுதான் என்றும் சொல்லமாட்டேன். 1930களில் தோரோட்ராஸ்ட் என்ற கொன்ட்ராஸ்ட் மருந்து வந்தது. தோரியம் ஒக்சைட்டில் செய்தது. இரத்தக் குழாய்கள் அவ்வளவு அழகாகத் தெரிந்தன, நோயாளிக்கு உடனே எந்தத் தொந்தரவும் இல்லை, உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். தோரியமோ கதிர் வீசும் பொருள். உடம்பை விட்டு வெளியேறாமல் ஈரலிலும் மண்ணீரலிலும் ஆயுளுக்கும் தங்கியது. இருபது முப்பது வருடம் கழித்து ஈரல் புற்றுநோய்கள் வரத் தொடங்கின. படம் எவ்வளவு தெளிவு என்று மட்டும் பார்த்து, நோயாளி பிறகு என்ன ஆனார் என்று பார்க்காத ஆராய்ச்சி அது.

ஆகவே ஒருவருடைய கட்டுரைகளின் பட்டியலைப் பார்க்கக் கிடைத்தால் எண்ணிக்கையை எண்ண வேண்டாம். உண்மையில் நோய் என்ன என்பதை எதை வைத்து உறுதிப்படுத்தினார்கள் என்று பாருங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்திருந்தால், சத்திரசிகிச்சை தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பியவர்களிடம் விட்ட பிழைகள் அதில் வந்திருக்காது. முடிவு தெரியாமல் படத்தை வாசித்தார்களா, இரண்டு பேர் தனித்தனியாக வாசித்தார்களா என்பதும் முக்கியம். ஒரே ஒரு அபூர்வ நோயாளியைப் பற்றிய இரண்டு பக்கக் கட்டுரையை நான் குறைவாக நினைப்பதில்லை, ஆனால் அதையும் நூறு பேரைப் பின்தொடர்ந்த ஆய்வையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கவேண்டும், நோயாளியின் பெயர் படத்தில் இருந்து நீக்கப்பட்டிருக்கவேண்டும். அம்மாவின் படத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தக் கேட்டால் நீங்கள் விபரம் கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அதனால் அவருக்குக் கிடைக்கும் கவனிப்பு குறையக்கூடாது.

"இனி ஏ.ஐ. பார்த்துவிடுமே" என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் அதை விரும்பி வரவேற்கிறேன். சுவீடனில் 80,000 பெண்களின் மார்பக எக்ஸ்ரேக்களை வைத்துச் செய்த ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் வந்தன. ஏ.ஐ. துணையோடு வாசித்தபோது, புற்றுநோயைக் கண்டுபிடிப்பது குறையாமலே டொக்டர்களின் வாசிப்பு வேலை 44 சதவீதம் குறைந்தது. ஆனால் 2018இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஏ.ஐ. நிரல், தான் பழகிய ஆஸ்பத்திரிக்கு வெளியே போனதும் தடுமாறியதைக் காட்டியது. படம் எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தது என்பதை அந்த நிரல் கண்டுபிடிக்கக் கற்றிருந்தது. தம்பலகாமத்து ஈரலைப் பார்த்துப் பழகாத நிரலை இங்கே நம்பி விடுவதற்கு முன் யாராவது ஒருவர் இங்கே சோதித்துப் பார்க்கவேண்டும். அந்த வேலையும் உங்கள் ரேடியோலஜிஸ்டின் ஆராய்ச்சிதான்.

சரி, இனி நீங்கள் செய்யவேண்டியது. பெரும்பாலும் சி.டி.க்கு அனுப்பும் தாளில் "ஈரலில் புள்ளி" என்று ஒரு வரிதான் இருக்கும். கொரில்லாவைக் காணாத கண்ணைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் இது: எழுதித் தந்த டொக்டரிடம் கேட்டு நீரிழிவு எத்தனை வருடம், வயல் வேலை, காய்ச்சல் அல்லது உடல் மெலிவு உண்டா, மஞ்சட்காமாலை வந்ததா, வேறு எங்காவது புற்றுநோய் இருந்ததா என்பவற்றை அந்தத் தாளிலேயே எழுதுவியுங்கள். பழைய அல்ட்ராசவுண்ட் அறிக்கைகள் இருந்தால் ஒன்று விடாமல் கொண்டுபோங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பும் அதே அளவில் அதே புள்ளி இருந்தது என்று ஒரு பழைய தாள் காட்டினால், அது பாதிக் கேள்விக்கு விடை.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை அண்மையில் செய்திருக்கவேண்டும், ஏனென்றால் அயடீன் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். நீரிழிவுக்கான மெற்போமின் குளிசை குடிக்கிறாரா என்று கேட்பார்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கிரியேட்டினினைப் பார்த்து அவர்களே சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முன்பு எப்போதாவது கொன்ட்ராஸ்ட் ஏற்றி உடம்பு தடித்திருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கதிர் பற்றிப் பயம் வேண்டாம். வயிற்றை ஒரு தடவை சி.டி. எடுத்தால் சுமார் 8 முதல் 10 மில்லிசீவேர்ட் (கதிரை அளக்கும் அலகு); மருந்து ஏற்றிப் பல தடவை எடுத்தால் அதைவிடக் கூடும். மண்ணில் இருந்தும் வானத்தில் இருந்தும் மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பதே உலகச் சராசரியில் வருடத்துக்கு 2.4. காரணத்தோடு ஒரு தடவை செய்வதில் தவறில்லை. காரணமில்லாமல் அடுத்த மாதமும் செய்யச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கொழும்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எடுத்த படங்களைப் பதிந்த சீடித் தட்டை (டிஸ்க்கை), அதாவது டைகொம் என்ற கணினி வடிவில் படங்கள் முழுவதும் உள்ள சீடியை, கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் அச்சிட்ட சில படங்கள் போதாது. அறிக்கையில் "உறுதியாகச் சொல்லமுடியவில்லை" என்று வந்தால் அதை எழுதியவரைக் குறைவாக நினைக்காதீர்கள், தன் எல்லை தெரிந்தவர்தான் அப்படி எழுதுவார். அடுத்ததாக எம்.ஆர்.ஐ. நல்லதா, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதுமா, திசு எடுக்கவேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். ஈரலை மட்டும் பார்க்கும் ஒருவரின் இரண்டாவது அபிப்பிராயம் தேவைப்பட்டால் முதலில் அந்தச் சீடியை அனுப்பிக் கேட்கலாம். அவர் நேரில் வரச் சொன்னால் அப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.